மின்சுமைப் பட்டியலில் விடுபடுவது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் பரவிக் கிடக்கும் தோல் வட்டாரத்தில், புதிதாக எழும் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ மின் வடிவமைப்பு ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறது. எந்திரங்களின் குதிரைத்திறனைக் கூட்டுவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சத்துக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், பேனல் எல்லாம். வீட்டுமனைப் பிரிவுகளுக்கும் இதே கணக்குதான்.

இந்தப் பழக்கத்தில் அறிவு இருக்கிறது. ஊறவைப்பு, சுண்ணாம்பு, குரோம் என்று ஒவ்வொரு டிரம்மும் வெவ்வேறு நேரத்தில் சுழல்கிறது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் தொடக்க மின்னோட்டமும் அடங்கிவிடும். அத்தனை மோட்டாரையும் அப்படியே கூட்டிப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், சுமையே இல்லாத இரவிலும் அதன் இரும்புப் பகுதி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். சிறு முதலாளிக்கு இந்தச் சிக்கனம் உயிர்நாடி.

ஆனால் இந்தக் கணக்கு டிரம்முக்கு மட்டுமே பொருந்தும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாமல் இங்கே தோல் தொழில் நடத்த முடியாது. சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையும் பின்னர் வந்தது. காற்றூட்டும் புளோயர், எதிர்ச் சவ்வூடு பரவல் பம்ப், ஆவியாக்கி ஆகியவற்றின் சுமைக்கு இடைவேளை கிடையாது. புளோயர் வெகுநேரம் நின்றால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். ஆகவே இவற்றுக்குத் தனி ஃபீடரும் ஜெனரேட்டர் இணைப்பும் தேவை. இந்தச் சுமையையும் டிரம்மோடு சேர்த்துக் கழிப்பது பாலாற்றுக்குச் செய்யும் தீங்கு.

கேபிளுக்கு வருவோம். அது எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று சொல்லும் நம் அட்டவணைகள் 40 டிகிரி காற்றை வைத்துப் போடப்பட்டவை. வேலூர்க் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் போகும் டிரேயில் வெப்பம் அதையும் தாண்டும். 50 டிகிரியில் பி.வி.சி. கேபிளின் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கும் திருத்தக் காரணியைப் போடாத வரைபடம் சென்னைக்கே போதாது. இந்த ஊருக்கு எப்படிப் போதும்?

எனக்கு மிகுந்த கவலை தருவது எர்த். உப்பிட்ட தோலிலிருந்து உதிரும் உப்பும் உப்புநீரும் ஊறிய மண்ணில் குழாய் இறக்கி அளந்தால் எதிர்ப்பு குறைவாகவே காட்டும். அளவு நன்றாக வந்ததென்று கையெழுத்தும் விழும். அதே உப்பு சில ஆண்டுகளில் துத்தநாகப் பூச்சைக் கரைத்துக் குழாயை அரித்துவிடும். சுண்ணாம்பிடும்போது சேர்க்கும் சல்ஃபைடிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, பேனலுக்குள் புகுந்து செம்பு முனைகளைக் கருக்குகிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துபவருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது அந்த எர்த் கம்பியும் கசிவுமின் துண்டிப்பானும்தான். மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்று மின் பாதுகாப்பு விதி சொல்வது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே குழியில் கொண்டுபோய் முடிப்பது விதியை ஏய்க்கும் வேலை.

வீட்டுமனைகளில் குறை வேறு மாதிரி. விசிறியும் டிவியும் மட்டும் இருந்த காலத்துக் கணக்கில் தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள்; இன்று வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடுகிறது. மே மாத இரவில் வோல்டேஜ் சரிவதைப் பார்த்துவிட்டு மின்வாரியத்தை மட்டும் திட்டுகிறோம். மனையை விற்ற டெவலப்பர் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் விட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

மனையோ பட்டறையோ வாங்கப்போகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே மின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். டேனரி நடத்துகிறவர்கள் எர்த்தை ஆண்டுதோறும் கோடையில் அளந்து எழுதி வையுங்கள். அளவு சரியாக இருந்தாலும் குழியைத் தோண்டிக் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.