ஏ1 அட்டையும் எல்.எல்.ஆர். தாளும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் வீதியில் காலை ஏழு மணிக்கு நின்றால் ஸ்கூட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். முன்கொக்கியில் சாப்பாட்டுப் பை, பின்னால் வெள்ளைச் சீருடையில் பிள்ளை, ஓட்டுபவர் அநேகமாக ஓர் ஆசிரியை, தாதி அல்லது கச்சேரியில் வேலை பார்ப்பவர். தோட்டத்துப் பஸ்ஸை மட்டும் நம்பி உத்தியோகம் பார்க்க முடியாத மாவட்டம் இது. தெற்கே பலகடுவைக் கணவாய், கிழக்கே றிவஸ்டன் மலை, இடையில் எல்லாம் மேடும் வளைவும். சின்ன வண்டி இங்கே ஆடம்பரம் இல்லை.

அந்தச் சின்ன வண்டிக்கான லைசன்ஸின் பெயர் ஏ1. 100 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேல் ஏ. டி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் ஏறத்தாழ 88 சி.சி. என்பதால் ஏ1க்குள் அடங்கிவிடுகிறது. பழைய ஹொண்டா சாலியும் அப்படியே. ஹொண்டா டியோவின் இயந்திரம் 109 சி.சி. தாண்டும். பார்வைக்கு அதுவும் ஸ்கூட்டிதான், சட்டத்துக்கு வேறு வகுப்பு.

இலங்கையில் இந்த வேலை தொடங்குவது வைத்தியப் பரிசோதனையில். நுகேகொடையில் தலைமையகமும் மாவட்டங்களில் கிளைகளும் கொண்ட தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் கையில் இருந்தால்தான் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் விண்ணப்பத்தை எடுக்கும். பிறகு எழுத்துப் பரீட்சை: ஒரு மணித்தியாலம், 40 கேள்விகள், தமிழிலும் எழுதலாம். அதில் சித்தியடைந்த பிறகே பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அது 18 மாதம் செல்லும். ஆனால் மூன்று மாதம் கழியாமல் ஓட்டிக் காட்டும் ட்ரயலுக்குத் திகதி கிடையாது. எழுத்துப் பரீட்சையில் தமிழுக்குக் குறையில்லை. ட்ரயல் நாளில் பரிசோதகர் எந்த மொழியில் பேசுவார் என்பது பரிசோதகரைப் பொறுத்தது. ‘இடப்பக்கம் சிக்னல் போடு’ என்பதற்கான சிங்களத்தை முதல் நாள் இரவே மனப்பாடம் செய்துகொண்டு போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தமிழ்நாட்டில் கதை பயிலுநர் உரிமமான எல்.எல்.ஆரில் தொடங்குகிறது. 40 வயதுக்குட்பட்டவர் சொந்த வாகனம் ஓட்ட டாக்டரிடம் போகவேண்டியதில்லை. உடம்பில் குறையொன்றும் இல்லை என்று படிவத்தில் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆதார் இருந்தால் தேர்வையும் வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துவிடலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் போனதும் ஓட்டிக் காட்டலாம். அங்கேதான் புகழ்பெற்ற ‘எட்டு’. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் தரையில் வரைந்த எட்டின்மேல், மக்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் முன்னால், கால் ஊன்றாமல் வண்டியை வளைத்து வரவேண்டும். வரம் கேட்பதுபோல் டிரைவிங் ஸ்கூல்காரர் ஓரமாய் நிற்பார்.

எது மேல்? காத்திருப்பில் இலங்கை முறைக்கு ஒரு கூடுதல் புள்ளி கொடுக்கலாம், ஆனால் முழுமனதாக அல்ல. மூன்று மாதமும் பழகுகிறவர்கள் குறைவு. பத்திரத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, ட்ரயலுக்கு முந்திய வாரம் லேர்னர்ஸ் ஸ்கூல் பக்கம் போகிறவர்கள்தான் அதிகம். உண்மையான வித்தியாசம் மெடிக்கலில் இருக்கிறது. 18 வயதில் லைசன்ஸ் எடுக்கும் மாத்தளைப் பெண்ணுக்கு அது எட்டு வருடம் செல்லும், புதுப்பிக்க மறுபடி மெடிக்கல். நாள் தவறாமல் புதுப்பித்தால் 18, 26, 34 என்று நாற்பதுக்குள் மூன்று தடவை கண்ணைச் சோதித்துவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் முப்பதுக்குள் உரிமம் எடுத்தவருக்கு அது 40 வயது வரை செல்லும். நடுவில் கண்பார்வை எப்படிப் போனாலும் கேட்பாரில்லை. இந்த ஒன்றில் இலங்கை முறையே நியாயம்.

வண்டியை வகை பிரிப்பதில் நிலைமை தலைகீழ். இந்தியா கேட்பது கியர் உண்டா இல்லையா என்று, இலங்கை கேட்பது எத்தனை சி.சி. என்று. பலகடுவை இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்தவருக்கும், பிரேக்கை மட்டும் பிடித்து இறங்குபவருக்கும் உள்ள தூரம் பெரிது. 88க்கும் 109க்கும் உள்ள தூரம் அவ்வளவு இல்லை. இங்கே இந்தியர்களின் கேள்வியே பொருத்தமானது.

அந்த இந்தியச் சட்டத்திலும் ஒரு பழைய மிச்சம் கிடக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை 16 வயதிலேயே ஓட்டலாம். 1980இல் ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50 ஊரெங்கும் ஓடிய காலத்துக்கு அது சரி. அதன் வாரிசான எக்ஸ்.எல். 100 இன்று 99.7 சி.சி. ஐம்பதுக்குள் புதுப் பெட்ரோல் வண்டி வாங்கக் கிடைப்பதே அரிது. ஆக, வண்டி இல்லாத ஒரு லைசன்ஸ். அதை நம்பி மகனிடம் பெரிய ஸ்கூட்டரைக் கொடுக்கும் அப்பாவுக்கு 2019 திருத்தம் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. பையனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் மேற்படாத மின்வண்டிக்கு மட்டும் அங்கே உரிமமே வேண்டாம்.

லைசன்ஸ் பெண்கள் கைக்குப் போனதற்கு ஒரு நல்ல உதாரணமும் தமிழ்நாட்டில்தான். 2018 பெப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு 125 சி.சி.க்குட்பட்ட ஸ்கூட்டரின் விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. விண்ணப்பிக்க உரிமம் வேண்டும் என்றதும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் அலைமோதியது. பல வருடமாகக் கணவன் பெயரிலும் தம்பி பெயரிலும் ஓடிய வண்டிக்கு அப்போதுதான் ஓட்டுபவர் பெயரில் ஒரு தாள் வந்தது. மாத்தளையில் நடந்தது வேறு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கவில்லை. பழைய ஸ்கூட்டிகளின் விலை மளமளவென்று ஏறியது. 2022 நெருக்கடியில் அட்டை அச்சிடக்கூட வழியில்லாமல், லைசன்ஸ் என்று தற்காலிகத் தாளைக் கொடுத்தார்கள். மழையில் நனைந்த அந்தத் தாளைப் பொலிஸிடம் நீட்டியவர்கள் ரத்தோட்டையில் இன்னும் இருப்பார்கள்.

நான்கு சக்கரத்துக்கு வந்தால் இலகுரகம் என்பதன் அளவே மாறிவிடுகிறது. இலங்கையின் பி வகுப்பு 3,500 கிலோவில் நிற்கும். இந்தியாவில் 7,500 கிலோ வரை இலகுரகம்தான். அந்த உரிமத்தோடு அதே எடைக்குட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வே தீர்ப்பளித்தது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிக்காரருக்கு இங்கே அந்தச் சலுகை இல்லை. 3,500 கிலோவைத் தாண்டினால் சி1 வகுப்பு எடுத்தாக வேண்டும்.

இறக்குமதி திறந்ததும் புது ஸ்கூட்டர் பார்க்கக் கடைக்குப் போகிறவர்கள் முற்பணம் கட்டுமுன் தங்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கட்டும். ஏ1 மட்டும் இருந்தால் 109 சி.சி. வண்டி அவர்களுக்கு உரியதல்ல. விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் அந்த வரியைத்தான்.