தாய்வழி மண்ணில் தந்தைவழி மகன்

ஃபராயிள் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. கிழக்கிலங்கையிலிருந்து வந்து நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அதனைக் கேட்டார். “ஹஜ்ரத், நஸப் தந்தை வழியே வரும் என்று கிதாபு கூறுகிறது. எங்கள் ஊரிலோ குடி தாய் வழியே வருகிறது. வீடும் பெண்ணுக்கே போகிறது. நாங்கள் மார்க்கத்துக்கு மாறாகவா வாழ்கிறோம்?” அன்று ஓரளவே விடை கூற இயன்றது. அவ்வினாவின் முழுப் பாரத்தையும் பின்னர் ஒரு புதினத்தைப் பயின்றபோதுதான் உணர்ந்தேன்.

அப்புதினத்தின் ஆசிரியர், ஹம்கா என்று உலகறிந்த ஹாஜி அப்துல் மலிக் கரீம் அம்ருல்லாஹ் (1908–1981). ‘தஃப்ஸீருல் அஸ்ஹர்’ என்னும் பெருவிரிவுரையை யாத்த இந்தோனேசியப் பேரறிஞர் அவர். தமது முப்பதாம் வயதில், மேடான் நகரில் தாம் நடத்திய இதழிலே, ‘வான் டெர் வைக் கப்பல் மூழ்கியது’ எனப் பொருள்படும் கதையைத் தொடராக எழுதினார். 1936ஆம் ஆண்டு ஜாவாக் கடலில் மெய்யாகவே மூழ்கிய கப்பல் அது. சிங்கப்பூரில் பல்லாண்டு வாழ்ந்து மலாய் மொழி பயின்ற நண்பர் ஒருவரின் துணையுடன் அந்நூலைப் படித்தேன்.

கதை நிகழும் மினங்கபாவ் நாடு சுமத்ராவின் மேற்கிலுள்ளது. அந்நாட்டார் ஆழ்ந்த இஸ்லாமியப் பற்றுடையோர்; ஆயினும் குலத்தைத் தாய் வழியே கணக்கிடுவோர். குலத்து நிலமும் பெருவீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். தாய்மாமன் அவற்றைக் காப்பான். கணவன் மனைவியின் இல்லத்தில் மதிப்புக்குரிய விருந்தினனே. பருவமடையும் சிறுவனுக்கு அக்காலத்தில் அவ்வீட்டில் அறை இருந்ததில்லை. இரவில் அவன் ஊர்ச் சூராவிலே, அதாவது தொழுகையும் ஓதலும் நிகழும் இல்லத்திலே, உறங்கிவந்தான். குர்ஆன் ஓதக் கற்றதும் அங்கேதான். தாய்வழி வீடு புறத்தே அனுப்பிய பிள்ளையை மார்க்கக் கல்வி ஏற்றுக்கொண்டது. வழக்கமும் மார்க்கமும் ஓயாத பகைகொண்டவை என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். அம்மக்கள் தம் வழக்கத்தைக் குறிக்கும் ‘ஆதத்’ என்னும் சொல்லும் நமது அரபுச் சொல்லன்றோ!

கதைத் தலைவன் ஜைனுத்தீன். அவன் தந்தை மினங்கபாவ் குலத்தவர். குலச்சொத்து குறித்த பூசலில் தாய்மாமனைக் கொன்று, தண்டனை அடைந்து, இறுதியில் மக்காஸ்ஸரில் தங்கி, அம்மண்ணின் பெண்ணை மணந்தவர். பெற்றோரை இழந்த மகன், தந்தையின் நாட்டைக் காணும் வேட்கையுடன் பாத்திப்பூ என்னும் ஊருக்கு வருகிறான். மக்காஸ்ஸரில் அவனைப் பாடாங்குக்காரன் என்றார்கள். இங்கோ மக்காஸ்ஸர்க்காரன் என்கிறார்கள். தாய்க்குலம் இல்லாதவனுக்கு அம்மண்ணில் குலமே இல்லை. ஹயாத்தி என்னும் நங்கையை அவன் விரும்புகிறான். குலப் பெரியோர் அவனை மறுத்து, தூய குலமும் செல்வமும் உடைய அஜீஸுக்கு அவளை மணமுடிக்கின்றனர். ஜைனுத்தீன் ஜாவா சென்று எழுத்தாளனாகப் புகழ் பெறுகிறான். அஜீஸ் சூதாடிக் கெட்டு, மனைவியை மணவிலக்குச் செய்து, தன்னையும் மாய்த்துக் கொள்கிறான். ஆதரவற்று நின்ற ஹயாத்தியை ஜைனுத்தீன் ஏற்க மறுத்து ஊருக்கு அனுப்புகிறான். அவள் ஏறிய கப்பல் மூழ்குகிறது. அவன் வருந்தி ஓடிச் சேர்ந்த பின் அவளுக்கு வாழ்நாள் முடிந்துவிடுகிறது.

1962ஆம் ஆண்டு இந்நூல் மீது பெரும் பழி எழுந்தது. ப்ரமுத்யா அனந்த தூர் பொறுப்பேற்றிருந்த நாளிதழ் இலக்கியப் பகுதியில், இது எகிப்திய எழுத்தாளர் மன்ஃபலூத்தியின் ‘மாஜ்தூலீன்’ நூலைத் திருடியது என்று எழுதினர். மன்ஃபலூத்தி (இறப்பு 1924) அஸ்ஹரில் ஓதியவர், பிரெஞ்சு அறியாதவர். அல்ஃபோன்ஸ் கார் 1832இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கதையைப் பிறர் வாயிலாக அறிந்து தம் அரபு நடையில் வார்த்தவர். ஆக, பாரிஸில் பிறந்த கதை கெய்ரோ வழியே மேடான் வந்தது. ஹம்கா திருடவில்லை என்று திறனாய்வாளர் எச். பி. யாசின் வாதாடினார்.

இரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கியதில் எனக்குத் தோன்றுவது இதுவே: கதையின் எலும்புகள் கடன் வாங்கியவை என்பதை மறுப்பதற்கில்லை. காதலரின் பிரிவு, பொருளுடைய போட்டியாளன், அவனது வீழ்ச்சியும் தற்கொலையும், திரும்பி வரும் பெண்ணைத் தலைவன் மறுப்பது, நீரில் அவள் முடிவு ஆகிய இவையெல்லாம் மாஜ்தூலீனிலும் உண்டு. ஆனால் அங்கே காதலைத் தடுப்பது வறுமை. இங்கே தடுப்பது ‘நீ யார் மகன்?’ என்னும் கேள்வி. பின்னர்ப் பொருள் கைவந்த பிறகும் ஜைனுத்தீனால் அதற்கு விடை கூற இயலவில்லை. மணம் என்பது அங்கே இரு குடும்பங்களின் உடன்படிக்கை. அவனுக்காகப் பேச ஒரு தாய்மாமன் இல்லை. ஷரீஅத்தின்படி அவன் தந்தையின் மகன். ஆதத்தின்படி எவருக்கும் மகனல்லன். இந்தத் துயரை எந்தப் பிரெஞ்சு நூலிலிருந்தும் ஹம்கா எடுத்திருக்க முடியாது.

நூல் தளர்வதும் கடன் பெற்ற இடத்திலேதான். கணவனை இழந்து வந்தவளைத் தலைவன் மறுப்பது ஐரோப்பியக் காதற்கதைக்குரிய தன்மான உணர்ச்சி. விதவை மணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே செய்துகாட்டிய சமுதாயத்தில், ஆலிம் ஒருவர் எழுதிய நூலில், அம்மறுப்பு ஒட்டாமல் நிற்கிறது. குலப்பெருமையால் புண்பட்டவன், தானும் அதே பெருமையின் நாவால் தீர்ப்புரைக்கிறான். அவன் பின்னர் வருந்துகிறான் என்பது மெய்யே. அந்த வருத்தத்தை ஆசிரியர் இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம்.

மற்றொரு குறையும் உண்டு. ஆதத் எவ்வாறு ஒருவனைப் புறந்தள்ளுகிறது என்பதை ஹம்கா உள்ளம் நடுங்கக் காட்டுகிறார். அதே ஆதத் ஒரு பெண்ணுக்கு என்ன தருகிறது என்பதைக் காட்டவில்லை. மணவிலக்குப் பெற்றவளுக்கும் கைம்பெண்ணுக்கும் எவரும் வெளியேற்ற முடியாத கூரையொன்றை அவ்வழக்கம் அளிக்கிறது. பெரியோர் அவையில் ஆண்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. வீட்டுக்கு உரியவர்களான பெண்கள் என்ன எண்ணினர் என்பதை நாம் ஊகிக்கவே வேண்டியுள்ளது.

இவ்வழக்கை அந்நாட்டு உலமாப் பெருமக்கள் எவ்வாறு தீர்க்க முயன்றனர் என்பது நூலுக்கு வெளியேயுள்ள செய்தி, எனினும் இன்றியமையாதது. மக்காவில் இமாமாக விளங்கிய அஹ்மது கதீப் (1860–1916), பெண்வழிச் சொத்துரிமையைக் கடுமையாகக் கண்டித்தார். அவரிடம் ஓதியவரும் ஹம்காவின் தந்தையுமான ஹாஜி ரசூல், பழைய குலச்சொத்து தனியொருவரின் உடைமையன்று, வக்ஃபை ஒத்தது, அதனைப் பங்கிட இயலாது என்றார். 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய உலமாக்களும் குலத்தலைவர்களும், குலச்சொத்து ஆதத்தின்படியும், ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது ஃபராயிளின்படியும் செல்லட்டும் என்று முடிவு செய்தனர். வழக்கமும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்னும் ஃபிக்ஹு விதி அங்கே உயிர்பெற்றது. அந்த ஆதாரம் ஷரீஅத்தின் தெளிந்த கட்டளைக்கு உட்பட்டது என்பதும் நினைவுகூரப்பட்டது.

இன்று அம்மாணவர் மீண்டும் கேட்பாராயின் இவ்வாறு கூறுவேன்: “தம்பி, பெண்மக்களுக்கு வீடு தரும் வழக்கம் உங்களுக்குக் கிடைத்த நற்பேறு. ஒருவர் தம் வாழ்நாளிலே மனமுவந்து மகளுக்கு வழங்குவது ஹிபா, அதற்குத் தடையில்லை. ஆனால் அதற்கெனப் பெண்ணைப் பெற்றவரைக் கடனாளி ஆக்காதீர்கள். மௌத்துக்குப் பின் எஞ்சியதில் எவர் பங்கையும் மறைக்காதீர்கள். தாயின் குடியைச் சொல்லி மகிழுங்கள். தந்தையின் பெயரை விட்டுவிடாதீர்கள். யாவற்றுக்கும் மேலாக, குடி ஏதும் இல்லாத ஒருவன் உங்கள் வாசலில் வந்து ஸலாம் சொன்னால், ‘நீ யார் மகன்?’ என்று கேட்குமுன் அவனுக்குப் பதில் ஸலாம் சொல்லுங்கள்.”

பாத்திப்பூவின் பெரியோர் அந்த முறையை மாற்றிக் கேட்டனர். அதற்கு விலையாக இரண்டு உயிர்கள் போயின. கப்பலைக் கடல் மூழ்கடித்தது. ஆனால் அது துறையை விட்டுப் புறப்படுவதற்கு நெடுநாள் முன்னரே அவ்வூரின் அவையில் ஓட்டை விழுந்துவிட்டது.