வானிலை அறிவிப்பின் தமிழ்

செய்தியறிக்கையின் இறுதியில் விரைந்து வாசிக்கப்பெறும் வானிலை அறிவிப்பை மொழியாய்வுக்குரிய பொருளாகக் கருதுவோர் அரியர். ஆயினும், நாள்தோறும் தவறாது ஒலிக்கும் தமிழ் அது. துணி உலர்த்துபவரும், கடலுக்குச் செல்பவரும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவரும் அதனைக் கேட்டே ஒரு முடிவுக்கு வருகின்றனர். அம்முடிவு பிழைபடாதிருக்கச் சொல் பிழைபடாதிருத்தல் வேண்டும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தன் முன்னறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகின்றது. தமிழ் வடிவம் அவற்றினின்று பெயர்க்கப்படுவது. இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. மலாயில் 'பெத்தாங்' எனப்படும் பொழுது, நண்பகல் கழிந்து ஏறத்தாழ இரண்டு மணிக்குத் தொடங்கி அந்திவரை நீள்வது. மலாயைப் பார்த்துப் பெயர்ப்பவர் 'மாலையில் இடியுடன் கூடிய மழை' என எழுதிவிடுவார். ஆங்கிலத்தைப் பார்த்துப் பெயர்ப்பவர் 'பிற்பகலில்' என்பார். செய்தி ஒன்று, பொழுது இரண்டு. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில், தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இடிமழை பிற்பகலிலேயே திரளத் தொடங்கிவிடுகின்றது. மாலை என்றால் ஐந்து மணிக்குமேல் எனக் கொள்ளும் வீட்டிலிருந்து குடையின்றிச் சென்ற மாணவன், மூன்று மணிக்குப் புறப்பாட நடவடிக்கைக்காகத் திடலில் நின்று நனைவான். 'பிற்பகல்' என்பதே ஏற்ற சொல்.

'ஓரிரு இடங்களில் மழை' என்னும் தொடர் நல்ல தமிழே. ஆனால், அது மழை பெய்யும் பரப்பைக் குறிக்கின்றதேயன்றி மழையின் வலிமையை அன்று. கேட்போர் பலர் அதனைச் சிறுதூறல் எனக் கொள்வதுண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், மழை பதிவாகும் நிலையங்கள் நூற்றுக்கு 25க்கு மிகாதபோது ஒரு சொல்லும், 26 முதல் 50 வரை மற்றொரு சொல்லும் என அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. ஓரிடத்தில் மட்டும் பெய்வதும் பெருமழையாக இருக்கலாம் என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர்க்கு எளிது. அறிவிப்பாளர்க்கோ அதற்கு நேரமில்லை.

மிகவும் கண்டிக்கத்தக்கது 'வாய்ப்பு' என்னும் சொல்லின் ஆட்சியே. வாய்த்தல் என்பது நன்றாய் அமைதல். நல்ல துணை வாய்த்தது, நல்ல வேலை வாய்த்தது என்பதே வழக்கு. கோடை வெயிலில் வாடியவனுக்கு 'மழை பெய்ய வாய்ப்புண்டு' என்றால் பொருந்தும். 'வெள்ளம் ஏற்பட வாய்ப்புள்ளது' என்பதோ? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் மேல்மாடியில் சிக்கி மீட்புப் படகுக்குக் காத்திருந்தவர் செவியில் அத்தொடர் எவ்வாறு ஒலிக்கும்! 'ஏற்படக்கூடும்' என்றால் போதும். சொல்லும் சுருங்கும், பொருளும் நேராகும். 'எதிர்பார்க்கப்படுகின்றது' என்னும் செயப்பாட்டுவினைக்கும் தேவையில்லை. எதிர்பார்ப்பவர் யார் என்பது அதில் மறைந்துவிடுகின்றது.

நாட்கணக்கில் விடாது பெய்வதைத் 'தொடர்ச்சியான மழை' என்கின்றனர். தோட்டத்துப் பாட்டிமார் நாவில் பயின்ற 'அடைமழை' என்னும் சொல் இருக்க, இது எதற்கோ?

எனினும், குறை மட்டுமே கூறுதல் முறையன்று. காடுகள் எரிவதால் எழுந்து 1997இலும் 2015இலும் இந்நாட்டைச் சூழ்ந்த 'ஜெரெபு'வைப் பனி என்றோ மூடுபனி என்றோ பெயர்த்திருந்தால், தீங்கு விளைவிப்பது இயற்கைப் பனியெனக் கேட்போர் மயங்கியிருப்பர். தமிழ் ஒலிபரப்பும் ஏடுகளும் 'புகைமூட்டம்' என்றே வழங்கின. மூடியிருப்பது புகை என்பதை அச்சொல்லே கூறிவிடுகின்றது.