கண்ணாடியில் இறங்கும் தெய்வம்

முகத்தெழுத்து நடக்கும்போது கோலக்காரர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். எழுதுகிறவர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தென்னை ஈர்க்கைச் சீவிச் செய்த கோலால் கன்னத்திலும் நெற்றியிலும் மயிரிழைக் கோடுகளை இழுத்துக்கொண்டிருப்பார். மனயோலை மஞ்சள், சாதிலிங்கச் சிவப்பு, அரிசிமாவு வெள்ளை, விளக்குக் கரி. இந்த நான்கைக் கொண்டே ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித்தனி எழுத்து. வடகேரளத்தில், மனிதர் தெய்வக் கோலம் கட்டி ஆடும் தெய்யம் பார்த்துப் பழகியவர்கள் அந்த முகத்தை வைத்தே, உடையும் மகுடம் போன்ற முடியும் ஏறுமுன்பே, வரப்போவது யாரென்று சொல்லிவிடுவார்கள்.

கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களிலும் வடகரைப் பக்கத்திலும் நமக்கு ஐப்பசியான துலாம் மாதம் பத்தாம் நாள் தொடங்கி, வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வரும்வரை, காவு என்னும் தோப்புக் கோயில்களிலும் தறவாடு என்னும் பழைய குடும்ப வீட்டு முற்றங்களிலும் தெய்யங்கள் ஆடுகின்றன. நானூற்றுக்கும் மேற்பட்ட தெய்யங்கள் உண்டு என்பார்கள். வண்ணான், மலையன், வேலன், மாவிலன், புலையன் முதலிய சமூகத்தவருக்கே கோலம் கட்டும் உரிமை. இன்ன ஊரில் இன்ன தெய்யத்தை இன்ன குடும்பம் கட்ட வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஜன்மாவகாசம். நாள் குறிக்கக் கணியான், வாள் அடிக்கக் கொல்லன், வெளுத்த துணி கொடுக்க வண்ணாத்தி என்று ஊரில் எல்லோருக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது.

பெரும்பாலோர் தீயைப் பார்க்க வருகிறார்கள். கண்டனார் கேளன் என்ற தெய்யம் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பைத் தாண்டும் காட்சிக்காக விடிய விடியக் காத்திருந்து, தாண்டி முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தீ பிரமாதம்தான். ஆனால் என் ரசனையில் தெய்யத்தின் உச்சம் அங்கே இல்லை. முந்தைய மாலைத் தோற்றத்துக்கும் மறுநாள் கண்ணாடிக்கும் இடையில் இருக்கிறது.

தோற்றம் என்பது தெய்வத்தின் கதைப்பாட்டு. முகத்தில் எழுத்து இல்லை, பெரிய முடி இல்லை. சிவப்புத் துணியும் சிறிய அணிகளுமாகக் கோலக்காரர் காவின் முன் நின்று, அந்தத் தெய்வம் எங்கே பிறந்தது, எப்படி இறந்தது, எந்தெந்த ஊர் வழியாக இந்தக் காவுக்கு வந்து சேர்ந்தது என்று பாடுகிறார். இடையிடையே 'வரவிளி': வா, வந்து இறங்கு என்று தெய்வத்தை அழைக்கும் பகுதி. இந்த நிலையில் அவர் அழைக்கிறவர், தெய்வம் வேறொருவர். பிறகு அணியறையில் மணிக்கணக்கில் எழுத்து, குருத்தோலை உடை, சிலம்பு. கடைசியாக, பீடத்தில் உட்கார்ந்தவரின் தலையில் முடியை ஏற்றிக் கட்டி, கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுக்கிறார்கள். அவர் அதில் பார்க்கிறார். அங்கே தெரிவது அவருடைய முகம் அல்ல. செண்டை உச்சத்துக்குப் போகிறது, உடல் நடுங்குகிறது, எழுந்து ஆடுகிறார். நேற்று 'அவள்' என்று பாடியவர் இப்போது 'நான்' என்று பேசுகிறார். படர்க்கையிலிருந்து தன்மைக்குத் தாவும் இந்த ஒரு நொடிக்காகவே இத்தனை மணிநேர ஏற்பாடும் என்று எனக்குத் தோன்றும். நான் அறிந்த எந்த மேடைக் கலையிலும் இவ்வளவு துல்லியமான மாற்றத்தைக் கண்டதில்லை.

இந்த வழிபாட்டின் வேர் எங்கே? முருகு ஏறி வெறியாடிய சங்ககால வேலனோடு இதற்கு முடிச்சிடுபவர்கள் பலர். தெய்யம் கட்டும் சமூகங்களில் ஒன்றுக்கு வேலன் என்றே பெயர் இருப்பதும், நன்னன் என்ற குறுநில மன்னனுடைய மலையாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் ஏழில் குன்றம் கண்ணூர்க் கடலோரத்தில் நிற்பதும் அந்த எண்ணத்துக்கு வலுவூட்டுகின்றன. என்னை அதைவிடவும் ஈர்ப்பது நடுகல். விழுந்த வீரனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, பீலி சூட்டி, கள் படைத்த மனம்தான் தெய்யத்திலும் வேலை செய்கிறது. ஆனால் தெய்யம் கல்லோடு நிற்கவில்லை. இறந்தவரை உயிருள்ள உடம்பில் திரும்ப வரவழைத்துப் பேச வைக்கிறது.

வருகிறவர்களில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள். முச்சிலோட்டு பகவதி, பண்டிதர்களை வாதில் வென்ற அந்தணப் பெண். ரசங்களில் சிறந்தது எது, வேதனைகளில் பெரியது எது என்று கேட்டார்கள். சிருங்காரம், பிரசவ வேதனை என்றாள். கன்னிப்பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று பழி சுமத்தி ஊரைவிட்டு விலக்கினார்கள். கரிவெள்ளூரில் தீ வளர்த்து இறங்கினாள். அவ்வழியே எண்ணெய் கொண்டுபோன வாணியன் அவள் கேட்டபடி அதை நெருப்பில் ஊற்றினான். இன்று அவள் வாணியர்களின் குலதெய்வம். அவளுக்கான பெருங்களியாட்டம் என்ற பெருவிழா பல ஊர்களில் பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்துத்தான் வரும். ஆட்டத்தில் ஆவேசம் குறைவு, மணப்பெண்ணின் நிதானம். எரிந்துபோனவளை ஊர் மணக்கோலத்தில் திரும்ப அழைக்கிறது. மதுரைவீரனுக்கும் காத்தவராயனுக்கும் பொங்கல் வைக்கிற நமக்கு இந்த மனம் அந்நியமல்ல.

கதிவனூர் வீரன் வேறு வகை. மாங்காட்டு மந்தப்பன், தகப்பனால் விரட்டப்பட்டுக் குடகுக்குப் போய், செம்மரத்தியை மணந்தவன். போரில் வென்று திரும்பும் வழியில், மோதிரத்தோடு விரல் வெட்டுண்டு போனதை அறிந்து, அதற்காகத் திரும்பிப் போய் மடிந்தான். ஆட்டத்தின் நடுவில் 'செம்மரத்தித் தறை' என்று அவளுக்கே ஒரு மேடை. சுற்றிலும் திரிகள் எரிய, களரி அடவுகளோடு அவன் அவளைச் சுற்றி ஆடுகிறான். நல்ல கணவன் வேண்டிப் பெண்கள் இவனைக் கும்பிடுகிறார்கள்.

பொட்டன் தெய்யத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். சர்வக்ஞ பீடம் ஏறப் புறப்பட்ட சங்கராச்சாரியார் வழியில் ஒரு புலையனை விலகச் சொல்கிறார். அவன் சிவன். வேலி இந்தப் பக்கம், முள் அந்தப் பக்கம், எங்கே விலகுவது என்ற வகையில் கேள்வி கேட்கத் தொடங்கி, வெட்டினால் உங்களுக்கும் எங்களுக்கும் ஓடும் ரத்தம் ஒன்றுதானே என்று வந்து நிற்கிறான். காசியில் சண்டாளனைச் சந்தித்த பழைய கதைதான் இது. ஆனால் இங்கே அதைப் பாடுவது புலையரும் மலையரும். தத்துவம் சொல்ல வந்த கதை அவர்கள் வாயில் வழக்காக மாறுகிறது. குருத்தோலை கட்டிய பொட்டன் தணல் குவியலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, குளிர்கிறது என்று சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்போடுதான் அவன் கேள்விகளும் உள்ளே இறங்குகின்றன. நிலவுடைமைக் குடும்பத்துப் பெரியவர்கள் கைகூப்பி நிற்க, ஒரு காலத்தில் அவர்கள் முற்றத்தில் காலெடுத்து வைக்க முடியாதிருந்த சமூகத்தின் மனிதர் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து விசாரிக்கிறார். கோலம் இறங்கிய பிறகு பழைய ஒழுங்கே திரும்பியது என்பதும் உண்மை. இருந்தும், ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்ற ஏற்பாடு சாதாரணமானதல்ல.

ஆட்டம் அடங்கியபின் வரும் உரையாடலை யாரும் விட்டுவிடக் கூடாது. வரிசையில் நிற்பவரின் கையைத் தெய்யம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. மகனுக்கு வேலை இல்லை, மகளுக்குக் குழந்தை இல்லை, உடன்பிறந்தவனோடு வழக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, ஆறுதல் சொல்லி, மஞ்சள்குறி கொடுக்கிறது. பறசினிக்கடவில் வளபட்டணம் ஆற்றங்கரையில் முத்தப்பன் தெய்யம் இதை அன்றாடம் செய்கிறார். கள்ளும் கருவாடும் அவருக்குப் படையல், கோயிலுக்குள் நாய்கள் தாராளமாகத் திரிகின்றன.

இடவப்பாதியோடு காவுகள் ஓய்ந்துவிடும். நமக்கு ஆடி மாதமான கர்க்கடகத்தில், மழைக்கு நடுவே, கோலக்காரக் குடும்பத்துச் சிறுவர்கள் வேடன், ஆடி என்ற சின்னத் தெய்யங்களாக வீடுவீடாக வருவார்கள். பஞ்ச மாதத்தின் பீடையை அவர்கள் போக்குவார்கள் என்று நம்பிக்கை. வீட்டுக்காரர்கள் அரிசியும் காசும் கொடுப்பார்கள். முடியின் கனத்தையும் முகத்தில் காயும் சாயத்தின் இறுக்கத்தையும் அந்தப் பிள்ளைகள் முதலில் அறிவது அந்த மழை மாதத்தில்தான்.