மூடிய அறையில் ஒரு தராசு

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். ஆண்ட்ரூ மார்ஷல் மட்டும் 1973 முதல் 2015 தொடக்கம் வரை ஒரே பொறுப்பில் இருந்தார். நிக்சன் தொடங்கி ஒபாமா வரை எட்டு அதிபர்களைக் கண்டார். ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 93. படைத்தளபதியல்லர், 1949இல் ராண்ட் நிறுவனத்தில் சேர்ந்த பொருளியல் மாணவர். பென்டகனில் அவர் நடத்திய, இரு தரப்பு வலிமையையும் ஒப்பிட்டு நிறுக்கும் 'நெட் அசெஸ்மென்ட்' அலுவலகத்தின் வேலைக்கு வள்ளுவர் அதிகாரப் பெயராக வைத்த 'வலியறிதல்' அப்படியே பொருந்தும்.

எதிரியிடம் டாங்கிகள் எத்தனை, ஏவுகணைகள் எத்தனை என்று எண்ணி முடிப்பதில் மார்ஷலுக்கு நிறைவில்லை. சோவியத்துடனான போட்டி நெடுங்காலம் நீடிக்கும் என்று 1972இல் ராண்டுக்கு எழுதிய அறிக்கையிலேயே எடுத்துக்கொண்டார். சோவியத் அரசு ஒரே மூளையால் இயங்குவதில்லை, தத்தம் வழக்கப்படி நடக்கும் பல அமைப்புகளின் கூட்டு அது என்றார். அந்த வழக்கங்களைப் படித்தால், எதிரியை எங்கே வீண்செலவுக்குத் தள்ளலாம் என்பது தெரியும். குண்டுவீச்சு விமானம் நல்ல சான்று. சோவியத் எல்லையோ மிக நீளம். 1941இல் ஜெர்மனி திடீரெனத் தாக்கியபோது விமானங்களைத் தரையிலேயே பறிகொடுத்த நினைவும் மாஸ்கோவுக்கு ஆறவில்லை. அமெரிக்கா குண்டுவீச்சு விமானங்களைக் கைவிடாதவரை சோவியத் வான்காப்புக்குப் பணத்தைக் கொட்டும். அந்தப் பணம் தாக்கும் ஆயுதங்களுக்குப் போகாது. சோவியத் பொருளாதாரம் சுமக்கும் ராணுவச் சுமையைச் சிஐஏ குறைத்து மதிப்பிடுகிறது என்றும் வாதிட்டார். 1976இல் சிஐஏ தன் கணக்கை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. துணிந்து கேட்ட கேள்விக்குக் கிடைத்த பலன் அது.

ஆனால் மாஸ்கோ வான்காப்பில் செலவிட்டதில் எவ்வளவு அமெரிக்க விமானங்களால் வந்தது, எவ்வளவு எப்படியும் செய்திருக்கக்கூடியது? இதற்கு யாராலும் விடை தர முடியாது. மார்ஷல் முறையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. மதிப்பீடுகள் பெரும்பாலும் ரகசியம். எழுதியவர்களில் பலர் அவரிடம் பயின்றவர்கள், அவற்றைப் படித்தவர்களோ மிகச் சிலர். தவறினால் தட்டிக்கேட்க ஆளில்லை. 1990களில் அவர் அலுவலகம் முன்வைத்த 'ராணுவ விவகாரங்களில் புரட்சி' என்ற கருத்து, துல்லிய ஆயுதங்களும் உணர்கருவிகளும் போரின் முகத்தை மாற்றும் என்றது. அமைப்பும் போர்முறையும் மாறாமல் கருவி மட்டும் போதாது என்று அவர் வலியுறுத்தியது உண்மை. கேட்டவர்கள் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2003இல் அமெரிக்கப் படைகளிடம் பாக்தாத் மூன்றே வாரத்தில் விழுந்தது. அதன்பின் சாலையோரக் குண்டுகள் ஆண்டுக்கணக்கில் வெடித்தன.

சீனாவைப் போட்டியாளராகப் பலருக்கும் முன்பே அவர் கண்டார். அவரைச் சீன ராணுவ ஆய்வாளர்களும் ஊன்றிப் படித்தார்கள். விலையுயர்ந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலுக்கு எதிராகச் சீனா மலிவான ஏவுகணையை நிறுத்துவது, எதிரியைச் செலவிட வைக்கும் அதே கணக்குதானே?

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. வல்லரசுகள் இரண்டை மட்டும் நிறுக்கும் தராசில் அங்கோலாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தட்டு இல்லை. பனிப்போர்க் காலத்தில் செத்தவர்கள் அத்தகைய நாடுகளில்தான் அதிகம்.

2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் அந்த அலுவலகத்தைக் கலைக்க உத்தரவிட்டார். தேவைப்பட்டது அது அல்ல. பழைய மதிப்பீடுகளைத் திறந்து, எது பலித்தது, எது பொய்த்தது என்று வெளியாட்களை விட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும்.