அண்ணாவியாரின் காது

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கூத்துப் பழகும் இரவுகளில் எல்லாரும் ஆட்டக்காரரின் கால்களைத்தான் பார்ப்பார்கள். என் கண் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் போய் நிற்கும். இடுப்பில் மத்தளம், பாதி மூடிய கண், முழுதாய்த் திறந்த காது. புதிதாக ஆட வந்த பொடியன் ஒரு மிதியைத் தவறவிட்டால் அவர் ஏசுவதில்லை. மத்தளம் நின்றுவிடும், அவ்வளவுதான். வாவிக் காற்று மட்டும் கேட்கும். பிறகு தாளக்கட்டை வாயாலேயே, ஒவ்வொரு சொல்லாய் மெல்லச் சொல்வார். "மறுகா ஒருக்கா ஆடு மனே." தோலில் விரல் விழும், சல்லரித் தாளம் சேரும், மணலில் குதிகால் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். பத்தாவது தடவை சொல்லும்போதும் அந்தக் குரலில் முதல் தடவையின் பதம் மாறாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது, மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். படித்தவர் மேடையைச் செப்பனிட்டார். காலையும் குரலையும் கூத்துக் களரி அறிந்தவர் காத்தார். இன்று எங்கள் மனிதரைத் திரைக்கு எழுதுபவருக்கும் இப்படியொரு காது பக்கத்தில் வேண்டும். 'பிறகு' என்று பொருள்படும் 'மறுகா' என்ற சொல்லை எவரும் குறித்துக்கொள்ளலாம். அதன் இழுவையும் அதற்கு முன் வரும் மௌனமும் தாளில் ஏறாது. ஆகவே, திரைக்கதை எழுத வருபவரே, ஒரு முழு இரவு களரி ஓரம் பாயில் குந்தியிருங்கள். பேனையை மறுகா எடுக்கலாம்.