பிள்ளையின் வேகமும் ரீச்சரின் பதிவேடும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை நாலாந்தரத்துக்கு வந்துவிட்டால் வீட்டின் நேரசூசியே மாறிவிடும். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்ட கையோடு ரியூசன். அது முடிய வீட்டில் மாதிரி வினாத்தாள். சனி, ஞாயிறு என்றால் இன்னொரு வகுப்பு. இத்தனையும் பத்து வயதளவில் எழுதப்போகும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக: இரண்டு வினாத்தாள்கள், 200 புள்ளிகள், மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. பரீட்சை நெருங்கும்போது ரியூசன் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் நிறுத்தச் சொல்லிப் பரீட்சைத் திணைக்களம் அறிவித்தல் விடவேண்டியிருக்கிறது. வசதி குறைந்த வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவுதொகையும் நல்ல பாடசாலையும் கிடைக்கட்டும் என்று வந்த பரீட்சை, ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுக்கு வசதியாகத் திரும்பிவிட்டது.

இந்த நெருக்கடியைப் பார்த்துச் சலித்தவர்கள்தான் வேறொரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐம்பதுக்கு மேற்படாத பிள்ளைகள், மரநிழல், தோட்டம், பரீட்சை இல்லை, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கலாம். நானும் அந்த ஆசை உள்ளவன். ஆனால் ஆசைப்படுகிற ஒன்றைத்தான் கடுமையாகச் சோதிக்கவேண்டும். இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கைகூடியதும் கைகூடாததும் கண்முன்னே கிடக்கின்றன.

நம்மவர் பலருக்கு இந்தக் கனவைத் தந்தது டோட்டோ-சான் என்ற ஜப்பானியச் சிறுமியின் கதை. அதில் வரும் தோமோயே பள்ளி உண்மையில் இருந்தது. சோசாகு கொபயாஷி 1937இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். 1945இல் விமானக் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. 1963இல் கொபயாஷி இறக்கும்வரை அந்த ஆரம்பப் பள்ளி மீண்டும் எழவில்லை. புத்தகத்தை உருகி வாசிப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைக் கவனிப்பதில்லை. ஓர் அருமையான மனிதரின் தலையில் மட்டும் நிற்கிற பள்ளி, அவருக்குப் பின் நிற்பதில்லை. அதனால் தனிமனிதரை நம்பாமல் ஒரு முறையை நம்பி நடந்த முயற்சிதான் நமக்கு அதிகம் பாடம் சொல்லும்.

அப்படி ஒன்று பக்கத்திலேயே நடந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சிறுசிறு அட்டைகளாக்கினார்கள். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் அதைப் பின்பற்றி 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதிலும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது.

அந்த வகுப்பறை எப்படி நடந்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒன்றிலிருந்து நான்காம் வகுப்புவரை பிள்ளைகள் கலந்து பாயில் இருப்பார்கள். சுவரில் ஏணி வரைந்த பெரிய தாள். அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு படச் சின்னம். பிள்ளை வந்ததும் தான் விட்ட படியைத் தேடி, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அட்டையைப் பொறுத்து அது எந்தக் குழுவில் இருக்கவேண்டும் என்பது தீர்மானமாகும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, கூட்டாளி முழுதாக உதவுவது, கூட்டாளி ஓரளவு உதவுவது, தனியே செய்வது, மதிப்பீடு என்று ஆறு. சுவரின் கீழ்ப்பாகத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. ஆசிரியரும் பாயில்தான்.

இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, பிள்ளை வராத நாளில் தெரியும். காய்ச்சலில் இரண்டு கிழமை படுத்த பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்காது, விட்ட அட்டை அங்கேயே இருக்கும். கொலம்பியாவில் 1970களில் விக்கி கோல்பர்ட் முதலானோர் தொடங்கிய புதிய பள்ளி இயக்கமும் இதே காரணத்தால்தான் கோப்பி அறுவடைக்குப் போகும் பிள்ளைகளிடம் வேரூன்றியது. வெங்காய அறுவடைக்கும் மீன்வாடிக்கும் பெற்றாரோடு போய்வரும் பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். வரவு குறைந்த பிள்ளையை மக்கு என்று பின்வாங்கில் தள்ளாத முறை என்பது சிறிய காரியமல்ல.

குறையும் அதே ஏணியில்தான் இருந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கையில் மற்ற ஐந்தும் தம்பாட்டில் கிடக்கும். அட்டை கிழியும், தொலையும். விளங்காமலே அட்டையை முடித்து அடுத்த படிக்கு ஏறும் வித்தையைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். இன்னொன்று, வேகம் பிள்ளையின் கையில் இருந்தாலும் பாதை திணைக்களத்தின் கையில்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்கு இந்தப் படி வேண்டாம், வேறொரு வழியால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஆசிரியருக்குக் குறைவு. வீட்டுவேலை இல்லை, கொப்பியில் ஒன்றும் காணவில்லை என்று பெற்றார் முணுமுணுத்தார்கள். நாளடைவில் அந்த முறை கரைந்தது. கொரோனாவுக்குப் பின் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தபோது அதன் ஒரு பகுதி வேறு பெயரில் திரும்பி வந்தது.

தன் வேகம் என்ற சொல்லை ஆர்வத்தோடு சொல்பவர்கள் அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைச் சொல்லக் கூசுகிறார்கள். மெதுவாகக் கற்கும் பிள்ளையும் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பிள்ளையும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள். இரண்டாந்தரத்தில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஆறு மாதம் பொறுத்தால் தானாக வந்துவிடலாம், அல்லது அதற்குக் கண் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதில் தனி இடர்ப்பாடு இருக்கலாம். “அது தன்ரை வேகத்திலை வரட்டும்” என்ற ஒரு வசனம் இந்த நான்கையும் ஒன்றாக மூடிவிடும். தமிழ் எழுத்து மரநிழலில் இருந்தால் தானாக ஒட்டிக்கொள்கிற ஒன்றல்ல. 247 எழுத்தையும் நெட்டுருப் போடத் தேவையில்லை. ட, ப, ம என்று எளிதாக எழுதவரும் எழுத்துகளில் தொடங்கி, ஒரு விசிறியும் ஒரு கொம்பும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்ற ஒழுங்கைப் பிடித்துவிட்டால் மிச்சம் விரைவாக வரும். ஆனால் அந்த ஒழுங்கை ஒருவர் காட்டவேண்டும். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவருக்குப் பயன் தருவதில்லை என்று கல்வி ஆய்வாளர்களான கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இன்றும் சண்டைக்குரியதாக இருக்கிறது. அதன் முழு வாதத்தையும் நான் ஏற்கவில்லை. எழுத்தறிவின் தொடக்கத்தைப் பொறுத்தமட்டில் அவர்கள் சொல்வது சரி.

ஆகவே தன் வேகப் பள்ளிக்கு வழமையான பள்ளியைவிட ஆசிரியர் உழைப்பு கூடுதலாகவே வேண்டும். எந்தப் பிள்ளை எந்த நாளில் எங்கே நின்றது, எதில் இடறியது, அடுத்து என்ன கொடுத்தோம் என்று ரீச்சரின் பதிவேட்டில் இருக்கவேண்டும். பதினைந்து பிள்ளைகள் என்றால் ஒருவரால் இதைச் செய்யமுடியும், நாற்பது என்றால் முடியாது. பள்ளி சிறியதாக இருப்பதன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. பணமுள்ள தனியார் பள்ளியும் சின்னதாக இருக்கலாம், அதனால் மட்டும் இந்தக் கவனம் வந்துவிடாது.

இனி இயற்கை. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியை இங்கே நினைக்கவேண்டும். ஊர்ப்பிள்ளைகளும் வெளியூர், வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். மொட்டையாகிப்போன அருணாசல மலையில் மீண்டும் காடு வளர்க்கும் வேலையோடு அந்தப் பள்ளி பிணைந்திருக்கிறது. அங்கே மரம் நடுவது சுற்றாடல் தினத்துக்குப் படம் எடுக்கும் நிகழ்ச்சி அல்ல, கண்முன் இருக்கும் மலைக்குச் செய்யவேண்டிய வேலை. நம் பள்ளிகளின் இயற்கைக் கல்வியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கவலைதான் வருகிறது. பூச்சாடி, வண்ணத்துப்பூச்சிப் படம், மீள்சுழற்சிப் பொருளில் கைவினை என்பதோடு முடிந்துவிடுகிறது.

குடாநாட்டின் இயற்கை அவ்வளவு சாதுவானதல்ல. வழுக்கையாறு தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் நம் குடிநீர், தோட்டநீர் எல்லாம். வலிகாமத்துச் செம்மண்ணில் அளவுக்கு மிஞ்சிப் போடும் உரம் அதே கிணற்றுக்குள் இறங்குகிறது. பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது ஊரறிந்த விஷயம். பாடசாலைக் கிணற்றில் முடிச்சிட்ட கயிற்றை இறக்கி ஒவ்வொரு மாதமும் நீர்மட்டம் அளக்கும் மூன்றாந்தரப் பிள்ளைக்கு எண் பழகும். அதையே ஐந்தாந்தரப் பிள்ளை வரைபாக்கும்போது மார்கழிக்கும் ஆவணிக்கும் உள்ள வித்தியாசம் கையில் வரும். பிறகு தண்ணீரின் ருசி ஏன் மாறியது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைத் தோட்டக்காரத் தகப்பனின் முன்னால் கேட்கத் துணியாத இயற்கைக் கல்வி அரைகுறைதான்.

பனம்பாத்தியையும் சொல்லவேண்டும். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டைகளைச் சேர்த்துப் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பாத்தி போடும்போது வரிசைக்கு எத்தனை, எத்தனை வரிசை என்பதில் பெருக்கல் இருக்கிறது. இடையில் ஒரு கொட்டையைக் கிண்டி எடுத்துப் பிளந்தால் உள்ளே பூரான். பிள்ளைகள் அதைத் தின்றுவிடுவார்கள், தின்னட்டும். முளை மேலே வரும் என்று காத்திருந்த பிள்ளை, அது முதலில் நிலத்துக்குள் கீழ்நோக்கி இறங்குவதைக் காணும்போது “ஏன் ரீச்சர் கீழை போகுது?” என்று கேட்கும். மழை குறைந்த மண்ணில் ஒரு மரம் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்ற பாடம் அங்கே தொடங்குகிறது. கிண்டிய கிழங்கை அவித்தும் பார்க்கலாம், ஒடியலாகக் காயவிட்டு நிறை எவ்வளவு குறைந்தது என்றும் பார்க்கலாம். இதற்கெல்லாம் புதுப் பாடத்திட்டம் தேவையில்லை. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் கலந்து நடக்கவேண்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. தாளில் நாம் ஏற்கெனவே பிள்ளை மையக் கல்விக்காரர்தான்.

பிறகு ஏன் நடக்கவில்லை என்றால், பெற்றாரின் பரீட்சை மோகம் என்று சொல்லித் தப்பிவிடுவது வழக்கம். அது நியாயமல்ல. 1930களில் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. அதை முன்னின்று உருவாக்கியவர்களுள் ஒருவர் கே. எஸ். அருள்நந்தி என்ற தமிழ்க் கல்வி அதிகாரி. பயிர்ச்செய்கை, சுகாதாரம், ஊர்த்தொழில் ஆகியவற்றை மையமாக வைத்த நல்ல திட்டம். அது நிலைக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று கிராமத்தவர் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இன்னும் ஆழமான வேர் இருக்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கலாம் என்ற உத்தரவை எதிர்த்து 1930 அளவில் பாடசாலைகள் கொளுத்தப்பட்ட இடம் இது. தரையில் இருத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பாயில் இருந்து பனங்கொட்டை எண்ணச் சொல்லும்போது, அதே வகுப்பில் வைத்தியரின் பிள்ளையும் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கும் இயற்கைப் பள்ளி ஒருவேளை நன்றாகவே நடக்கும். அங்கே படித்த பிள்ளை ஆறாந்தரத்தில் தடுமாறினால் தாங்கிப்பிடிக்க வீட்டில் புத்தகமும் ஆங்கிலமும் காசும் இருக்கும். கூலிவேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அந்தத் தாங்கல் கிடையாது. பரிசோதனை பிழைத்தால் இழப்பு ஒருவருக்கு ஒரு வருடம், மற்றவருக்கு வாழ்நாள். மாற்றுக் கல்வி பற்றிய நமது பேச்சில் நான் காணும் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

அதனால் இந்த முறையைச் சோதிக்கத் தகுந்த இடம் புதிதாக வேலியடைத்த ஒரு காணி அல்ல. தீவுப்பகுதியிலும் வடமராட்சியிலும் வலிகாமத்து உள்ளூர்களிலும் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாமல் மூடப்படும் பயத்தில் நிற்கும் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகள்தான் அதற்கான இடம். வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, பனை நிற்கிறது, இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் நிலைமை ஏற்கெனவே இருக்கிறது. இன்றைக்கு அது குறையாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு ரீச்சருக்குப் பதினைந்து பிள்ளைகள் என்பது கொழும்பின் பேர்பெற்ற பள்ளிகளிலும் கிடைக்காத வாய்ப்பு.

அதற்கு வலயக் கல்வி அலுவலகம் ஏற்கவேண்டிய நிபந்தனைகள் உண்டு. ரீச்சரை மூன்று வருடத்துக்காவது இடமாற்றக் கூடாது, பிள்ளையின் நிலையை அறிந்தவர் போய்விட்டால் பதிவேடு வெறும் தாள்தான். இரண்டாந்தரம் முடியும்போது வாசிக்காத ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி விசாரிக்கவேண்டும், கண்ணும் காதும் சோதிக்கவேண்டும். புலமைப்பரிசில் எழுத விரும்பும் பிள்ளைக்கு அந்தப் பள்ளியிலேயே கட்டணமின்றி ஆயத்தம் செய்யவேண்டும், ஏனென்றால் உதவுதொகை தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான். ஆறாந்தரத்துக்கு அவர்களை எடுக்கும் பெரிய பாடசாலை, புள்ளியோடு சேர்த்து ஐந்து வருடப் பதிவேட்டையும் வாங்கி வாசிக்கவேண்டும். இதில் கடைசி நிபந்தனைதான் கடினமானது. பெரிய பாடசாலைகளின் அதிபர்களோடு இந்தப் பேச்சை இப்போதே தொடங்கவேண்டும்.